உட்காரும் எலும்பு

பெஞ்சு சிமெண்டு பெஞ்சு. அதனால் எலும்பு தெரிகிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மனிதன் சதையின் மேல்தான் உட்காருகிறான், அதற்காகத்தான் அங்கே அவ்வளவு சதை இருக்கிறது என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படியில்லை. நிற்கும்போது பெரிய பிட்டத் தசை அந்த எலும்பை மூடிக்கொண்டிருக்கும். உட்காரப் போனதும் அது மேலே வழுக்கி விலகிக்கொள்ளும். கடைசியில் உடம்பைத் தாங்குவது எலும்புதான், நடுவில் கொஞ்சம் கொழுப்பும் தோலும். இதைப் படித்த அன்று நான் நாற்காலியில் உட்கார்ந்தும் எழுந்தும் கையை அடியில் விட்டுச் சோதித்துப் பார்த்தேன். தெய்வானை அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சிரித்தாள். அவள் எதையும் நின்றுகொண்டுதான் செய்வாள், சிரிப்பதையும். இப்போது அந்தப் பச்சைக் கதவுக்கு உள்ளே மேசையில் குப்புறப் படுத்திருக்கிறாள். போன ஆவணியில் மாரடைப்பில் போனாள். அவள் எழுதிக் கொடுத்திருந்தபடி உடம்பை இந்த மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தேன். நேற்று அவளைப் புரட்டிப் போட்டார்கள். இன்று காலை பிட்டப் பகுதியைத் திறக்கிறார்கள். வலது பக்கத்தில் அந்தப் பெரிய நரம்பு இருக்க வேண்டிய வழியில் இல்லாமல் ஒரு தசையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறதா, இல்லையா. இருந்தால் நான் இங்கிருந்து, மில்லில் அவளோடு வேலை பார்த்த மாராத்தாளுக்குச் சொல்லலாம். உன் வீட்டில் அவள் உட்காராமல் நின்றது வலியால்தான், வேறு எதனாலும் இல்லை, கண்ணால் பார்த்துவிட்டார்கள் என்று. இல்லாவிட்டால். இல்லாவிட்டால் என்பதற்கு மேல் என்னால் போக முடியவில்லை, பேருந்தில் வரும்போதும் அந்த இடத்தில்தான் நின்றுபோனது, இங்கே உட்கார்ந்த பிறகும் அங்கேயே நிற்கிறது.

கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணை எரிக்கும் ஒரு வாடை வருகிறது. கூடத்து உதவியாளர் தங்கவேலு ஒரு வாளியோடு வந்தவர் என்னைப் பார்த்து, இன்னும் நேரமாகும் பெரியவரே, அந்தப் பக்கம் நிழலில் போய் உட்காருங்கள் என்றார். நிழலிலும் இதே சிமெண்டு பெஞ்சுதான். நான் நகரவில்லை. நகர்ந்தால், பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்ட டாக்டர் வெளியே வரும்போது நான் இல்லாமல் போய்விடுவேனோ என்று ஒரு பயம். உட்காருங்கள், உட்காருங்கள். எத்தனை பேர் சொல்லி எத்தனை முறை அவள் தலையை ஆட்டியிருப்பாள். நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் முதலில் சொல்லும் வார்த்தை அதுதான். உட்கார்ந்தால்தான் வந்ததாகக் கணக்கு. துக்க வீட்டில் பெண்கள் எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து அழும்போது இவள் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். திமிர் என்றார்கள். என் அம்மாவே சொன்னாள், மருமகளுக்கு மண் ஆகாது என்று. பந்தியில் கடைசி ஆளாக அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றபடி இலையைக் கையில் வைத்துச் சாப்பிடுவாள். மில்லில் மட்டும் அவளுக்கு நிம்மதி. நூல் நூற்கிற ரிங் பிரேமில் நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு ஓட்டுகிற வேலை, ஷிப்ட் முழுக்க நின்றும் நடந்தும் செய்வது, அங்கே யாரும் உட்காரு என்று சொல்ல மாட்டார்கள். நான் அதே மில்லில் ஃபிட்டர், ஆனால் வேறு கட்டிடம், வேறு ஷிப்ட். அவள் வரும்போது நான் போவேன். அவளுக்குப் பக்கத்து பிரேமில் மாராத்தாள். இரண்டு பேரும் இயந்திரச் சத்தத்தில் உதட்டசைவை வைத்தே பேசிக்கொள்வார்களாம். வீட்டுக்கு வந்து, மாராத்தாள் இதைச் சொன்னாள் மாராத்தாள் அதைச் சொன்னாள் என்று அவள் சொல்லும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். சத்தமே இல்லாமல் பேசிய பேச்சை அவள் எனக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. டாக்டர் இல்லை. மாணவர்கள் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு பையனும், கையுறையைக் கழற்றிக்கொண்டு குழாயடிக்குப் போனார்கள். அந்தப் பெண், மாக்சிமஸ் மாக்சிமஸ்னு பேரு வெச்சவன ஒரு நாள் வந்து அத வெட்டிப் புரட்டச் சொல்லணும்டா, மணிக்கட்டு போச்சு என்றாள். அந்தப் பெரிய பிட்டத் தசைக்குப் புத்தகத்தில் அதுதான் பேர். பையன், உனக்கு உக்கார இருந்தாத்தானே அதோட அருமை தெரியும் என்று கிண்டல் செய்தான். அவள் தண்ணீரை அவன்மேல் தெறித்தாள். கெட்ட பிள்ளைகள் இல்லை. உள்ளே போகும் முன் எல்லோரும் வரிசையாக நின்று, உடம்புக்கு மரியாதை செய்வோம் என்று உறுதிமொழி சொன்னது எனக்குக் கேட்டது. ஆனால் அவர்கள் பேசுவது எந்த மேசையைப் பற்றி. உள்ளே பல மேசைகள் இருக்கும். பேர் கிடையாது, எண் மட்டும்தான் என்று டாக்டர் ஜெசிந்தா முன்பே சொல்லியிருந்தார். வழக்கமாக வீட்டாரிடம் எதுவும் சொல்வதில்லை, நீங்கள் இவ்வளவு கேட்பதால் அந்தப் பகுதி வரும்போது பார்த்துச் சொல்கிறேன், எதையும் எதிர்பார்க்க வேண்டாம் ஐயா என்றார். எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னால் எதிர்பார்க்காமல் இருக்க முடிகிறதா. பையன் முகத்தைத் துடைத்துக்கொண்டே, அந்த ஜன்னலோர டேபிளுக்கு மேடம் எல்லாரையும் கூப்பிட்டுக் காமிச்சாங்களே பாத்தியா, புக்ல போட்ட மாதிரியே இருந்துச்சு என்றான். புத்தகத்தில் போட்ட மாதிரி என்றால் எந்தப் படம் மாதிரி. ஒழுங்காக இருக்கும் படமா, ஒழுங்கு தவறிய படமா. எழுந்து கேட்டுவிடலாம். தம்பி, ஜன்னலோரத்தில் இருப்பது என் மனைவியாக இருக்கலாம், அந்த நரம்பு எப்படிப் போகிறது என்று. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு கத்தியைப் பிடிக்குமா. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் உள்ளே போனார்கள்.

அந்த ஒழுங்கு தவறிய படத்தை நான் கண்ணை மூடினாலும் வரைவேன். உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து வாங்கியது, ஆங்கிலம், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தடவிப் படித்தேன். பெரிய தசையைத் திரை மாதிரி ஒரு பக்கமாக ஒதுக்கினால் அடியில் பேரிக்காய் மாதிரி ஒரு சின்னத் தசை, முதுகெலும்பின் அடிமுனையிலிருந்து தொடை எலும்பின் தலைக்குக் குறுக்கே ஓடுகிறது. அதன் கீழ் விளிம்பிலிருந்து அந்த நரம்பு வெளியே வந்து தொடையின் பின்பக்கமாகப் பாதம்வரை இறங்குகிறது. உடம்பிலேயே பெரியது, கட்டைவிரல் பருமன் இருக்கும். ஊசி போடும்போது மேல்புறம் வெளிப்பக்கமாகப் போடுவது இதன்மேல் படக்கூடாது என்றுதான். சிலருக்கு மட்டும் அது இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அந்தச் சின்னத் தசைக்குக் கீழாகவும் இன்னொரு பாதி தசையைத் துளைத்துக்கொண்டும் வரும். நான் ஃபிட்டர், எனக்கு அது உடனே புரிந்தது. பெல்ட் வெளியே ஓட வேண்டியது, கிளாம்ப்புக்குள் மாட்டிக்கொண்டு ஓடினால் என்ன ஆகும். ஓடும், ஆனால் உரசும். உட்காரும்போதெல்லாம் இறுகும். அவளுக்கு அறுபது தாண்டிய பிறகுதான் கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர் அப்படி இருக்கலாம் என்று சொன்னார். இருக்கலாம் என்றுதான். அதற்கு முன்னால் பார்த்தவர்கள் எல்லோரும் முதுகையே பார்த்தார்கள். அவளும் கை வைத்துக் காட்ட மாட்டாள். ஆண் டாக்டர் முன்னால் அந்த இடத்தை எப்படிக் காட்டுவது, அந்த இடத்தின் பேரை எப்படி வாயால் சொல்வது. இடுப்புங்க என்பாள். இடுப்புக்கு எக்ஸ்ரே, இடுப்புக்கு பெல்ட், இடுப்புக்கு மாத்திரை. படத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்பார்கள். வீட்டுக்கு வந்து கட்டிலில் குப்புறப் படுப்பாள், நான் வலது பக்கம் எண்ணெய் தேய்ப்பேன். வலதுதான். குப்புறப் படுத்தவளுக்கும் அவள் பின்னால் நிற்பவனுக்கும் வலது ஒன்றேதான், அதில் குழப்பம் இல்லை. அதை ஏன் இப்போது மறுபடியும் சரிபார்க்கிறேன்.

மாராத்தாள் வீடு கட்டியது எங்கள் மகள் பிரேமா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சமயம். காலனியில் அரசாங்கம் கொடுத்த இடத்தில், இரண்டு அறை, கான்கிரீட். புதுவீட்டுக்கு மில்லிலிருந்து நிறையப் பேரைக் கூப்பிட்டாள். ஊரிலிருந்து போனது தெய்வானை ஒருத்திதான். அதற்கே எங்கள் வீட்டில் அம்மா சோறு தின்னவில்லை. நான் போகவில்லை, எனக்குப் பகல் ஷிப்ட். திரும்பி வந்து தெய்வானை சொன்னாள். சேர் போட்டார்கள், முந்தானையால் துடைத்து உட்காருங்கக்கா என்றாள், உட்கார முடியவில்லை, வாசலில் நின்றே டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன், முகம் செத்துப்போச்சு அவளுக்கு என்று. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன் நான். நாளைக்குச் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதம் எங்கள் பங்காளி வீட்டுக் கல்யாணம். முதல் பந்தியில் சம்பந்தி வீட்டுப் பெண்களோடு உட்காரச் சொல்லி அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டாள். பந்தலுக்கு வெளியே காலனி ஆட்கள் தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு நின்றார்கள். அதில் மாராத்தாள் இருந்தாள். பார்த்தாள். தெய்வானையும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள். அதன் பிறகு இவள் மூன்று வாரம் கட்டிலை விட்டு எழவில்லை, அது மாராத்தாளுக்கு எப்படித் தெரியும். வேலைக்குப் போனதும் விஷயத்தைச் சொல்லப் போயிருக்கிறாள். மாராத்தாள் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல், "எங்கூட்டுல மட்டுந்தான் வலிக்குமுங்களாக்கா?" என்று கேட்டாளாம். அவ்வளவுதான். ரிடையர் ஆகும்வரை பக்கத்துப் பக்கத்து பிரேம், உதடு அசையவில்லை. உடம்பை எழுதிக் கொடுத்த அன்று தெய்வானை என்னிடம், "அறுத்துப் பாக்கட்டுமுங்க. பாத்ததும் அவகிட்டப் போயிச் சொல்லீருங்க" என்றாள். பிரேமா கேட்டாள், செத்த பிறகும் அம்மாவைச் சும்மா விட மாட்டீர்களாப்பா என்று. நான் என்ன சொல்வது, கேட்டது அவள்தானே.

ஆனால் இதுதான் தடுக்கிற இடம். நரம்பு ஒழுங்காக இருந்துவிட்டால் என்ன பொருள். வலி இல்லை என்று ஆகாது, எனக்குத் தெரியும், என் உள்ளங்கைக்குத் தெரியும், தேய்க்கும்போது அந்தத் தசை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்ததை என் கட்டைவிரல் மறக்காது. வலி இருந்தது. அன்றைக்கு அந்த வாசலில் நின்றதும் அந்த வலியாலா. இந்தக் கேள்வி என்னுடையது இல்லை, மாராத்தாளுடையது, நான் அதை எடுத்து எனக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன், துப்பவும் முடியவில்லை. தெய்வானை அப்படிப்பட்டவள் இல்லை. மாராத்தாள் எங்கள் வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு ஊற்றுகிற டம்ளரிலேயே ஊற்றிக் கொடுப்பாள், அம்மா பார்க்காதபோது. அம்மா பார்க்கும்போது. அதை விடு. மாராத்தாள் வந்தால் எங்கே உட்காருவாள். யோசித்துப் பார்க்கிறேன். வாசல் வேப்பமரம் வருகிறது, துவைக்கிற கல் வருகிறது, மாராத்தாளின் மஞ்சள் சேலை வருகிறது, இடுப்பில் குழந்தையோடு ஒரு காலை மடக்கிச் சுவரில் சாய்ந்து நிற்கிறாள். அவள் உட்கார்ந்த மாதிரி ஒரு படமும் வரவில்லை. அவளுக்கு எந்த நரம்பில் கோளாறு. சீச்சீ, இது என்ன யோசனை. வயதானால் ஞாபகம் கழன்றுபோகும், அவள் உட்கார்ந்திருப்பாள், நான் வீட்டில் இருந்திருக்க மாட்டேன். நரம்பு மட்டும் துளைத்துக்கொண்டு போயிருக்கட்டும். அந்தப் பேரிக்காய்த் தசைக்குள் பாதி நுழைந்திருந்தால் போதும். எனக்குச் சாமி கும்பிடும் பழக்கம் விட்டுப்போய் எவ்வளவோ நாளாயிற்று, இப்போது ஒரு பிணத்தின் பிட்டத்துக்குள் கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். என் எலும்பு மரத்துப்போய்விட்டது. எழுந்து நின்றேன். நின்றதும் டாக்டர் ஜெசிந்தா வெளியே வந்தார்.

முகத்துணியைக் கீழே இழுத்துவிட்டு, பக்கத்து அறைக்குப் போகலாமா ஐயா என்றார். இங்கேயே சொல்லுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் தயங்கி, "வலது பக்கம் எல்லாமே சாதாரணமாத்தான் இருக்குங்கய்யா. நரம்பு தசைக்குக் கீழால முழுசா வருது" என்றார். எனக்கு அது கேட்டது, ஆனால் கேட்டதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அவரே தொடர்ந்தார். "இடது பக்கந்தான் நீங்க சொன்ன மாதிரி. ரெண்டாப் பிரிஞ்சு ஒரு பாதி தசைக்குள்ள பூந்து வருது. பசங்களுக்கெல்லாம் காமிச்சேன். அவங்களுக்கு வலி இடது பக்கமா?" வலது என்றேன். மறுபடி கேட்கவில்லை, பரிதாபமாகவும் பார்க்கவில்லை. மெதுவாக விளக்கினார். இந்த மாதிரிப் பிரிந்த நரம்போடு எத்தனையோ பேர் ஒரு நாளும் வலிக்காமல் வாழ்ந்து போகிறார்கள். வலியில் துடித்தவர்களைத் திறந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். வலித்த தசை அன்றைக்கு இறுகியிருந்திருக்கும், இறந்த பிறகு அந்த இறுக்கம் தெரியாது. நீங்கள் புத்தகத்தில் பார்த்தது ஒரு காரணம்தான், அது ஒன்றே காரணம் என்று இல்லை. "வலி இருந்துச்சா இல்லையான்னு எங்க மேசையில எழுதியிருக்காதுங்கய்யா." கும்பிட்டார். அந்தம்மா எங்களுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தார்கள் என்றார். கதவு மூடிக்கொண்டது.

மறுபடி அதே பெஞ்சு. இருக்கிறது. அவள் உடம்பில் அது இருக்கிறது. பக்கம்தான் மாறிவிட்டது. மாராத்தாளுக்கு எந்தப் பக்கம் என்று எதற்குச் சொல்ல வேண்டும். நரம்பு தசையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது, டாக்டர் பார்த்தார், மாணவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. தெய்வானை கேட்டதும் இவ்வளவுதான். இரண்டு கிழவிகளுக்கு நடுவில் கிடந்த ஒரு முடிச்சு அவிழ்ந்துவிடும், ஒருத்தி இல்லாவிட்டாலும். இந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தடவை சொல்லும்போது நடுவில் ஒரு இடம் உரசியது. போனை எடுத்தேன். தொழிற்சங்கத்து ஆளிடம் நம்பர் வாங்கி வைத்திருந்தேன், இதுவரை அழுத்தியதில்லை. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காவிட்டால் நல்லது என்று நினைத்த அந்த நொடியில் எடுத்தாள்.

யாரென்று சொன்னேன். சொல்லுங்கண்ணா என்றாள், குரல் கிழடாகியிருந்தது, பின்னால் ஒரு ஆடு கத்தியது. விஷயத்தைச் சொன்னேன். உடம்பைக் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தாள் என்பது, இன்று திறந்தது. ஒரு பக்கம் நரம்பு தசைக்குள் நுழைந்து போகிறது என்றேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. வாய் தானாகச் சொன்னது, இடது பக்கம், வலித்தது வலது பக்கம், அதனால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை என்று.

அவள், "அக்காளுக்கு வலி இருந்தது எனக்குத் தெரியாதுங்களாண்ணா" என்றாள். "சாப்பாட்டு நேரத்துல பஞ்சு மூட்டை மேல குப்புறப் படுத்துக்குவாங்க. நாந்தான் முழங்கைய வெச்சு அழுத்தி வுடுவேன். வலது பக்கம். இப்புடியே செத்துரலாம் போல இருக்குதுடி மாராத்தான்னு சொல்லுவாங்க, அத்தன சொகம்."

தெரியும் என்றால் பிறகு ஏன் பேச்சை நிறுத்தினாய் என்று கேட்டேன்.

"அன்னைக்கு சேர் போட்டது சங்கத்து ஆம்பளைங்களுக்குங்க. அக்காளுக்குன்னு உள்ளறையில புதுப் பாய் வாங்கி விரிச்சு வெச்சிருந்தேன். உக்கார வேண்டாங்க்கா, உள்ள வந்து கதவச் சாத்திக்கிட்டு செத்த நேரம் படுங்க, அழுத்தி வுடறேன்னு கூப்பிட்டேன். வாசல் நெலவு தாண்டலீங்க." ஆடு மறுபடி கத்தியது, அதை அதட்டிவிட்டு வந்தாள். "பாயைப் பத்தி உங்ககிட்டச் சொன்னாங்களா?"

சேர் என்றுதான் தெய்வானை சொன்னாள். இத்தனை வருடமும் சேர் என்றுதான் சொன்னாள். முந்தானையால் துடைத்தது, உட்காருங்கக்கா என்றது, டீ, முகம் செத்துப்போனது, எல்லாம் சொன்னாள்.

"இல்ல" என்றேன்.

"செரி வுடுங்க" என்றாள். கோபம் இல்லை அதில். அதுதான் தாங்கவில்லை. பச்சைக் கதவுக்குப் பின்னால் யாரோ எதையோ தட்டில் வைக்கும் ஓசை. அவளை இனி எதற்காகத் திறந்தாலும் அந்தப் பாய்க்குப் போகாமல் வாசல்நிலையில் அவள் நின்ற அந்த ஒரு நிமிடம் எந்தத் தசைக்கடியிலும் இருக்கப் போவதில்லை.

"நான் இப்ப அங்க வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வந்து?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

"காலனிக்குள்ள பஸ் வராதுங்க" என்றாள். "தண்ணித் தொட்டிகிட்ட எறங்கி நடக்கோணும்."